மண் பற்றும் மூட்டு அழற்சியும்: கோலாலம்பூர் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

முட்டி வலி என்று ஒருவர் சொன்னால் போதும், நம் வீடுகளில் ஆளுக்கொரு வைத்தியம் வந்து நிற்கும். ஒருவர் கோடாலித் தைலத்தை நீட்டுவார், இன்னொருவர் ஃபார்மசியில் வாங்கிய வலி மாத்திரையின் பேரைச் சொல்வார். கொஞ்ச காலமாக இந்த வரிசையில் மண்ணும் சேர்ந்திருக்கிறது. சாக்கடல் சேறு பாக்கெட்டில் விற்கிறது. ஸ்பாக்களில் உடம்பு முழுக்க மண் பூசி விடுகிறார்கள். ஊருக்குப் போய் இயற்கை மருத்துவமனையில் தங்கி வந்தவர்கள், "வீக்கம் எப்படி வத்திப்போச்சு பாரு" என்று காலை நீட்டிக் காட்டுகிறார்கள்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. மண் பற்று வலியையும் விறைப்பையும் குறைக்கிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆனால் எந்த வீக்கத்துக்கு, எவ்வளவு சூட்டில், எந்த மண்ணை, எத்தனை நாள் என்று தெரியாமல் போட்டால் பலன் கிடைக்காது. நம் ஊரில் அது ஆபத்தாகவும் முடியலாம், அதுவும் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு. அந்தக் கவலையில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மண் உடம்பில் என்ன செய்கிறது

அழற்சி என்பது உடம்பின் தற்காப்பு. அடிபட்ட இடத்துக்கு இரத்தம் கூடுதலாகப் பாயும், வெள்ளை அணுக்கள் வந்து சேரும், அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கும். வேலை முடிந்ததும் இது அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கிக்கொண்டிருக்கிறது. மூட்டுத் தேய்மானத்திலும் மெல்லிய அழற்சி உண்டு. "தேய்ஞ்சுபோச்சு, அவ்வளவுதான்" என்று நாம் சொல்லும் முட்டிக்குள் இன்டர்லூகின்-1, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிச் செய்திப் பொருள்கள் சுரந்து குருத்தெலும்பை அரிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதில் மண்ணின் பங்கு பெரும்பாலும் சூடுதான். களிமண்ணின் நுண்ணிய துகள்கள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீர் நிறையச் சூட்டைத் தாங்கும். ஆனால் சேற்றுக்குள் அது ஓடிக் கலக்க முடியாது. அதனால் வெந்நீரில் நனைத்த துணி சீக்கிரம் ஆறிவிட, மண் அதே சூட்டை மெல்ல மெல்லக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தோல் சட்டென்று சுட்டுப் போகாமல் சூடு உள்ளே இறங்கும். இரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும், வலி உணர்வு மழுங்கும், உடம்பு தன் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினைச் சுரக்கும். இதையே நாள் தவறாமல் செய்யும்போது உடம்பு ஒருவிதமாகப் பழகுகிறது. இத்தாலியில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைச் சோதித்தபோது, ஒரு சுற்று மண் சிகிச்சை முடிந்ததும் இரத்தத்தில் மேலே சொன்ன செய்திப் பொருள்களின் அளவு குறைந்திருந்தது.

சரி, மண்ணில் உள்ள தாதுக்கள்? சாக்கடல் சேற்றில் மெக்னீசியமும் புரோமைடும் நிறைய. இத்தாலியின் பாதுவா நகரத்துக்குப் பக்கத்திலுள்ள அபானோவில், களிமண்ணை வெந்நீர் ஊற்றுத் தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். அந்தச் சூட்டிலும் வளரும் நீலப்பச்சைப் பாசி மண்ணின் மேல் படர்கிறது. அந்தப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்புப் பொருளுக்கு அழற்சியை அடக்கும் தன்மை இருப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நம் தோல் எளிதில் எதையும் உள்ளே விடாது. தாதுவுள்ள மண்ணையும் வெறும் சூட்டு ஒத்தடத்தையும் ஒப்பிட்ட சோதனைகளில், சிலவற்றில் மண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன், சிலவற்றில் இரண்டும் ஒன்றுதான். என் கருத்து இது: முக்கால்வாசிப் பலன் சூட்டிலும் ஓய்விலும் இருக்கிறது. அதனால் பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் தாதுப் பட்டியலுக்காக யாரும் கடன் வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

ஆதாரம் எந்த நோய்க்கு எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முட்டித் தேய்மானத்துக்கு வலியும் நடமாட்டமும் மேம்படுவதைப் பல சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் பெரும்பாலானவை சிறிய சோதனைகள். காலில் சேறு இருக்கிறதா இல்லையா என்பதை நோயாளியிடம் மறைக்கவும் வழியில்லை, அதனால் நம்பிக்கையால் வரும் பலனைப் பிரித்தெடுப்பது கடினம். முடக்குவாதத்துக்கு ஆதாரம் பலவீனம். பல சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கை மூட்டுகளில் மண் பற்றுப் போட்டவர்களுக்கும் போலிப் பற்றுப் போட்டவர்களுக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. ஆகவே முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் மண்ணை நம்பி மாத்திரையை நிறுத்தவே கூடாது. அந்த மருந்துதான் மூட்டைக் காப்பாற்றுகிறது. மண் அன்றைய வலியைக் கொஞ்சம் இலேசாக்கலாம், அவ்வளவுதான்.

படி 1: உங்கள் வீக்கம் எது என்று பாருங்கள்

காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்திருந்து, அரை மணி நேரத்துக்குள் நடக்க நடக்கச் சரியாகிறதா? படியேறும்போதும் உட்கார்ந்து எழும்போதும்தான் வலியா? இது பெரும்பாலும் தேய்மானம். மண் பற்று அதிகம் உதவுவது இந்த வகைக்குத்தான்.

விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கைகளிலும் ஒரேபோல விரல் மூட்டுகள் வீங்கியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். முதலில் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இராத்திரியில் கால் கட்டைவிரல் மூட்டு திடீரென்று சிவந்து, போர்வை பட்டாலே உயிர்போகிற மாதிரி வலித்தால் அது பெரும்பாலும் கௌட் என்ற யூரிக் அமில வாதம். அந்த நேரத்தில் சூட்டையும் கொண்டுபோகாதீர்கள், மண்ணின் பாரத்தையும் வைக்காதீர்கள். குளிர்ந்த ஒத்தடமும் மருத்துவரின் மருந்தும்தான் வழி.

இன்னும் இரண்டை மட்டும் மறக்கவே கூடாது. ஒரே ஒரு மூட்டு வீங்கிச் சுட்டு, கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றது, இனிப்புநீர் உள்ள ஒருவருக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்து, வலி அவ்வளவாக இல்லாமல் இருப்பது. வலியில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நரம்பு மரத்துப்போனதால்தான் வலி தெரியவில்லை, உள்ளே எலும்பு உடைந்து உருக்குலைந்துகொண்டிருக்கலாம். அந்தப் பாதத்தில் மண்ணோ தைலமோ எதையும் வைக்காமல், காலை ஊன்றாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 2: யார் போடக் கூடாது

புண், வெடிப்பு, சொறி, தோல் தொற்று உள்ள இடத்தில் கூடாது. காய்ச்சலோடு கூடாது. இதயம் பலவீனமானவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் சூடான மண்ணைத் தொட வேண்டாம்.

இனிப்புநீர் உள்ளவர்கள் தனியாக ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரை உங்கள் கால்விரல், பாதம், முட்டி என்று பஞ்சால் இலேசாகத் தொடச் சொல்லுங்கள். எங்கேயாவது தொட்டது தெரியவில்லை என்றால் இடுப்புக்குக் கீழே சூடான பற்று வேண்டவே வேண்டாம். எல்லா இடமும் தெரிந்தாலும் பாதத்தை விட்டுவிடுங்கள், முட்டியிலும் அதற்கு மேலும் மட்டும் போட்டுப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே இது இன்னும் கூடுதல். அதனால் இதை யாரோ சிலருக்கான எச்சரிக்கை என்று தாண்டிப் போகாதீர்கள்.

படி 3: சூடா, குளிரா

ஐரோப்பிய மண் சிகிச்சை சூடானது. இந்திய இயற்கை மருத்துவத்தில் பெரும்பாலும் குளிர்ந்த மண்தான். ஈரத்துணியில் மண்ணைப் பரப்பி வயிற்றிலும் நெற்றியிலும் 20 முதல் 30 நிமிடம் வைப்பார்கள். காந்தியடிகள் விரும்பிச் செய்ததும் இந்தக் குளிர்ந்த மண் பட்டிதான். ஜெர்மானியரான அடால்ஃப் யூஸ்ட் எழுதியதைப் படித்து அதில் ஈடுபட்டார். புனேயில் அவர் தங்கியிருந்த இடத்தில்தான் இன்று இந்திய அரசின் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

தேர்ந்தெடுப்பது எளிது. புறங்கையை வலிக்கும் முட்டியிலும் மற்ற முட்டியிலும் மாறி மாறி வையுங்கள். வலிக்கும் முட்டி தெளிவாகச் சுடுகிறது, சிவந்திருக்கிறது, அல்லது அடிபட்டு இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது என்றால் குளிர். குளிர் இரத்தக் குழாயைச் சுருக்கி வீக்கத்தைக் கட்டுப்படுத்தும். சூடு இல்லை, விறைப்பும் மந்தமான வலியும்தான், அதுவும் நாள்பட்டது என்றால் சூடு. கனன்றுகொண்டிருக்கும் மூட்டில் சூடான மண்ணை வைத்தால் வீக்கம் கூடிவிடும். "மண் போட்டேன், அதிகமாயிடுச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

படி 4: மண்ணைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படியைப் பொறுமையாகப் படியுங்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்குப் புற்று மண் பற்று தெரியும். கோல சிலாங்கூர் பக்கத்திலிருந்து செந்தூலுக்கு வந்து குடியேறிய என் பெரியம்மாவும் முதலில் அதைத்தான் கேட்டார். "ஏம்மா, காசு குடுத்து மண்ணு வாங்கணுமா? தோட்டத்துப் பக்கம் புத்து எவ்வளவோ கிடக்கு. ரெண்டடி தோண்டி எடுத்து வெயில்ல காயப்போட்டா சுத்தமாயிடும்." இந்தியாவில் சொல்லப்படும் முறை அதுதான்: மேல்மண்ணை விலக்கி ஆழத்தில் எடு, காயவை, சலி. நம் ஊருக்கு அது பொருந்தாது.

காரணம் மெலியோய்டோசிஸ் என்ற நோய். மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வருவது, தென்கிழக்காசியாவில் நிலைகொண்ட நோய். இதற்கு 1921-இல் இந்தப் பெயரை வைத்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும் வேலை செய்தது நம் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில்தான். தோலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போய், நுரையீரலிலும் இரத்தத்திலும் பரவி ஆளையே கொல்லும். அதிகம் பாதிக்கப்படுவது இனிப்புநீர் உள்ளவர்கள். ஆழத்தில் எடுத்தால் சுத்தம் என்பதும் இதற்குச் செல்லாது. இந்தக் கிருமியைத் தேடும் ஆய்வாளர்கள் மண் மாதிரி எடுப்பதே 30 சென்டிமீட்டர் ஆழத்தில்தான். வெயிலில் காய்ந்தால் எல்லாம் செத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரையே தாங்குபவை. எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் வேறு இருக்கிறது.

கிருமி மட்டுமல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தாமான்கள் பழைய வெள்ளீயச் சுரங்க நிலத்தின் மேல் எழுந்தவை. வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் சேர்ந்தே கிடைக்கும், தோண்டிப் போட்ட மண்ணில் அது தங்கிவிடும். தோட்டத்து மண்ணிலோ பல வருஷம் தெளித்த களைக்கொல்லி. அவற்றில் ஒன்றான பாராகுவாட்டுக்கு 2020-இலிருந்துதான் இங்கே தடை. ஆகவே வீட்டுப் பின்புறம், ஆற்றங்கரை, தோட்டம், கோயில் புற்று, எங்கிருந்தும் மண் எடுக்காதீர்கள்.

அப்புறம் என்ன வாங்குவது? வெள்ளைக் களிமண்ணான காவோலின் எனக்குப் பிடித்தது. அழகுசாதனத் தரத்தில் தூளாகக் கிடைக்கும், தோலை உறுத்தாது, கழுவ எளிது. பிரிட்டிஷ் காலத்து மருத்துவமனைகளில் கிளிசரின் கலந்து சூடாக்கி, துணியில் தடவிக் கட்டிய காவோலின் பற்றும் இதே களிமண்தான். இதையே பேராக் மாநிலத்தின் தாப்பா, பீடோர் பக்கம் வெட்டியெடுக்கிறார்கள். பென்டோனைட் தண்ணீரை அதிகம் இழுத்து உப்பும், சூட்டையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் காய்ந்தால் தோலை இறுக்கும். முல்தானி மட்டி மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் நம் கடைகளில் கிடைக்கும், அதுவும் பரவாயில்லை. சாக்கடல் சேறு விலை கூட, உப்பு மிகுதி என்பதால் மழித்த தோலில் எரியும்.

எதை வாங்கினாலும் பாக்கெட்டில் மலேசிய அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அழகுசாதனப் பொருளென்றால் "நாட்" (NOT) என்று தொடங்கும் எண், மருந்தாக விற்றால் "மால்" (MAL) என்று தொடங்கும் எண். இரண்டையும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். எண்ணில்லாத மண்ணை வாங்காதீர்கள். 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சில பென்டோனைட் தூள்களில் ஈயம் அதிகமாக இருப்பதாக எச்சரித்தது. இதே தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் உடம்பு சுத்தமாகும் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். குடிக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

படி 5: பிசைவதும் சூடாக்குவதும்

ஒரு முட்டிக்கு அரைக் கிலோ காவோலின் தாராளம். வேண்டிய மற்றவை: ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம், அது உட்காரும் அளவுக்கு ஒரு சட்டி, மரக்கரண்டி, பழைய பருத்தி வேட்டித் துணி, உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாள், தடித்த துவாலை, சமையலுக்கான வெப்பமானி. இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள். பேக்கரிச் சாமான் கடைகளில் கிடைக்கும்.

தூளைக் கிண்ணத்தில் கொட்டி, கொதித்து ஆறிய தண்ணீரைச் சுமார் அரைப் பங்கு ஊற்றுங்கள். உடனே கிளறாதீர்கள். பத்து நிமிடம் மண் தானாகக் குடிக்கட்டும். அவசரப்பட்டுக் கிளறினால் உள்ளே உலர்ந்த கட்டிகள் நின்றுவிடும், அந்த இடத்தில் சூடு சீராகப் பரவாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, கெட்டி உளுந்து வடை மாவின் பதம் வரும்வரை பிசையுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் ஒட்டி நின்று, ஒரு நொடி கழித்துத் தொப்பென்று விழ வேண்டும். ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது, உதிர்ந்தால் குறைவு. பென்டோனைட் என்றால் இதைவிட இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் கேட்கும்.

சட்டியில் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தை அதில் இறக்குங்கள். கிளறிக்கொண்டே இருங்கள். நடுவில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள்: 42 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்துவிடுங்கள். வெளிநாட்டு மையங்களில் இதைவிடச் சூடாகவும் போடுவார்கள், ஆனால் பக்கத்தில் பழகிய ஆள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் 42-ஐத் தாண்ட வேண்டாம். 49 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள் தோல் வெந்துவிடும். நமக்குக் கையில் தெரியும் வேறுபாடு கொஞ்சம்தான். பெரியம்மா வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "கையை வச்சா தெரியாதா?" என்றார். அவர் உள்ளங்கை அறுபது வருஷம் அடுப்படியில் பழகியது, சுடுசட்டியைத் துணியில்லாமல் இறக்கும் கை. முட்டித் தோலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மைக்ரோவேவ் வேண்டாம். ஒரு மூலை ஆறியும் ஒரு மூலை கொதித்தும் வரும்.

குளிர்ந்த பற்று என்றால் வேலை சுலபம். பிசைந்த மண்ணை மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். உறைய விடாதீர்கள்.

படி 6: போடுவது

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். மின்விசிறி ஓடும் அறையில் படுத்து, முட்டிக்குக் கீழே சுருட்டிய துவாலையை வைத்துக் காலை இலேசாக மடக்கிக்கொள்ளுங்கள். கோடாலித் தைலமோ வலிக் களிம்போ தேய்த்திருந்தால் சோப்பால் கழுவிவிடுங்கள். அதன் மேல் சூடு பட்டால் தோல் பொசுங்கும்.

துணியில் ஒரு விரல் அகலத்துக்கு, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு மண்ணைப் பரப்பி, ஓரங்களை மடித்துப் பொட்டலமாக்கி முட்டியைச் சுற்றி வையுங்கள். முட்டியின் பின்குழியை இறுக்கிக் கட்டாதீர்கள். நேரடியாகத் தோலில் பூசினாலும் சரிதான், ஆனால் துணியோடு வைத்தால் சூடு பெரிதாகக் குறைவதில்லை, கழுவும் வேலை பாதியாகிறது. மேலே பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் துவாலை.

முதல் நாள் 10 நிமிடம். அடுத்த நாள் தோல் நன்றாக இருந்தால் 15, அதற்கப்புறம் 20. இருபதைத் தாண்ட வேண்டாம். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு முறை துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பு சரி. திட்டுத் திட்டாகச் சிவந்தாலோ, எரிந்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு படபடத்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். தூங்கிவிடாதீர்கள், கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர் தனியாக இருக்கும்போது போட வேண்டாம்.

உடம்பு முழுக்கச் சூடான மண் பூசுவதை வீட்டில் செய்யவே கூடாது. பகலில் 33 டிகிரி, காற்றில் ஈரப்பதம் நிறைந்த ஊரில், வியர்வை ஆவியாகவும் வழியில்லாமல் உடம்பை மூடினால் மயக்கம் வருவது வெகு சுலபம்.

படி 7: எடுத்த பிறகு

வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, அரை மணி நேரம் படுத்திருங்கள். திடீரென எழுந்து குளிரூட்டி அறைக்குள் போக வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். தசை தளர்ந்திருக்கும் இந்த நேரம் பொன்னானது. படுத்தபடியே தொடைத் தசையை இறுக்கி ஐந்து நொடி பிடித்து விடுங்கள், பத்து முறை. காலை நேராக நீட்டி ஓரடி உயரம் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. முட்டித் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் முதலில் சொல்வது உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. மண் கொடுக்கும் வலியில்லாத அந்த ஓரிரு மணி நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் விட்டால் பாதிப் பலன் வீண்.

பயன்படுத்திய மண்ணை மறுபடியும் சூடாக்கிப் போடாதீர்கள். ஈரமும் வியர்வையும் சேர்ந்த மண்ணில் கிருமி பெருகும். சிங்க்கிலோ கழிவறையிலோ கொட்டவும் வேண்டாம். களிமண் குழாய்க்குள் படிந்து இறுகிவிடும், பிளாட்டில் இருந்தால் கீழ்வீட்டுக்காரரோடும் சண்டை வரும். பழைய நாளிதழில் கொட்டிக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். துணியை முதலில் ஒரு வாளியில் அலசி, மண் அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை மட்டும் ஊற்றிவிடுங்கள்.

படி 8: ஒரு சுற்று, ஒரு நோட்டு

ஒரு நாள் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஐரோப்பிய மையங்களில் வழக்கம், இரண்டு வாரத்தில் 12 முறை. வீட்டிலும் அதையே பின்பற்றலாம்: வாரம் ஆறு நாள், ஞாயிறு ஓய்வு. தொடங்குவதற்கு முந்தின நாளே ஒரு நோட்டில் மூன்றை எழுதுங்கள். காலை வலி, பத்துக்கு எத்தனை. விறைப்பு விட எத்தனை நிமிடம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது. இதையே தினமும் எழுதுங்கள். சாப்பிட்ட வலி மாத்திரையின் எண்ணிக்கையையும் பக்கத்தில் குறியுங்கள். மாத்திரை குறைந்திருந்தால் அதுவே பெரிய லாபம். இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் எப்படிப் பாதிக்கும் என்று நமக்குத் தெரியும்.

மூன்றாவது நான்காவது நாளில் சிலருக்கு வலி சற்றுக் கூடி, உடம்பு அசதியாக இருக்கும். ஓரிரு நாளில் தணிந்துவிட்டால் கவலையில்லை, அந்த நாளில் ஓய்வெடுங்கள். தணியாமல் வீக்கமும் சூடும் ஏறினால் நிறுத்துங்கள். இந்த இடத்தில்தான் சிலர், "கழிவு வெளியேறுது, தொடர்ந்து போடுங்க" என்பார்கள். மண் உடம்பிலிருந்து எந்த நச்சையும் உறிஞ்சி எடுப்பதில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. கூடும் வீக்கத்தைக் கழிவு என்று நம்பிக் காத்திருந்தால் நோய்தான் முற்றும்.

மையத்துக்குப் போவதானால்

மலேசியாவில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-இல் நடைமுறைக்கு வந்தது. பாரம்பரிய இந்திய மருத்துவம் அதில் அங்கீகரிக்கப்பட்ட பிரிவு. சிகிச்சையாளர் பதிவுபெற்றவரா என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். மண் எங்கிருந்து வருகிறது, கன உலோகச் சோதனை அறிக்கை உண்டா, ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போடுகிறார்களா, வெப்பமானி வைத்திருக்கிறார்களா, தொடங்கும் முன் இரத்த அழுத்தம் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். நான் விசாரித்த ஓர் இடத்தில், மண்ணை மாற்றுவது எப்போது என்று கேட்டதற்கு, "எங்க மண் கெட்டுப்போகாது அக்கா" என்று பதில் வந்தது. அங்கே படுக்காமல் திரும்பிவிட்டேன். முன்பணமாகப் பெரிய தொகுப்பு வாங்கச் சொன்னால் மறுத்து, முதலில் ஒரு முறைக்கு மட்டும் கட்டுங்கள்.

சிலாயாங் வெந்நீர் ஊற்றில் காலை வைத்துவிட்டு வந்து, வலி குறைந்தது என்று சொல்பவர்களுக்கும் நடப்பது இதே சூட்டின் வேலைதான். இனிப்புநீர்க்காரர்கள் அங்கேயும் பாதத்தைத் தண்ணீரில் விட வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம்

மண் போட்ட மூன்று வாரத்துக்குள் காரணமில்லாத காய்ச்சல், இருமல், தோலில் ஆறாத கொப்புளம் வந்தால் கிளினிக்கில் "மண் பற்றுப் போட்டேன்" என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால்தான் மெலியோய்டோசிஸுக்கான இரத்தச் சோதனை செய்ய அவர்களுக்குத் தோன்றும். அதற்கான சிகிச்சை சாதாரண ஆன்டிபயோடிக் இல்லை, ஊசி மருந்தும் மாதக்கணக்கில் மாத்திரையும் தேவைப்படும்.

இரண்டு வாரம் முடிந்து நோட்டில் வலி இரண்டு எண்ணாவது குறைந்திருந்தால், ஆறு மாதம் கழித்து இன்னொரு சுற்றுச் செய்யலாம். இடையில் வலிக்கும் நாளில் மட்டும் ஒரு பற்று. எந்த மாற்றமும் இல்லையென்றால் மண்ணை மாற்றி மாற்றி வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு அரசு கிளினிக்குக்குப் போங்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, முடக்குவாதச் சோதனை வேண்டுமா, உடலியக்கச் சிகிச்சைக்கு அனுப்ப முடியுமா என்று மூன்றையும் கேளுங்கள். காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று நாள்வாரியாக எழுதிய பக்கத்தை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.